இடப்பக்கச் சூரியன்

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டு ராபியாவிடம் கொடுத்தேன். மூன்று வாரம் ஆகும் என்றேன். இடையில் அவர் வந்தால் சாவியைக் கொடுத்துவிடு, சாம்பார்ப் பொடி மேல்தட்டில் இருக்கிறது என்று சொல் என்றேன். ராபியா எப்போதும்போல் "சரிக்கா" என்றாள். தெருமுனை வரை வந்த நான் திரும்பிப் போய்ச் சாவியை வாங்கிக் கதவைத் திறந்து டெலிபோன் ரிசீவர் சரியாக வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தேன். அவரிடம் அந்த எண் மட்டும்தான் இருக்கிறது.

தென்காசியில் பஸ் மாறித் தாழையங்கோட்டை வந்தபோது மணி பதினொன்று. ஜமீன் அரண்மனையில் இப்போது கூரை உள்ளவை எட்டு அறைகள்தாம். ஜமீன்தார் சங்கரபூபதி வாசலுக்கே வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். அவருடைய மகள் பூரணி எங்கள் பள்ளி விடுதியில் இருந்து என்னிடம் தையல் படித்தவள். எட்டாம் வகுப்பில் சட்டைக்குக் காஜா எடுக்கச் சொன்னால் ஊசியைத் தொலைத்துவிட்டு நிற்பாள். இப்போது இருபத்து நான்கு வயது. செப்டம்பர் எட்டாம் தேதி அவளுக்குக் கல்யாணம். 1896இல் இந்த வீட்டுப் பெண் ஒருத்தி உடுத்திய கல்யாண உடையையும் நகைகளையும் அவள் அணிய வேண்டுமாம். அவற்றைச் செப்பனிடத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள்.

மாப்பிள்ளை விசாகன், சிவலைக்கோட்டை ஜமீன். கப்பலில் இன்ஜினியர். தை மாதம் வரை கரைக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். அதனால் கட்டாரிக் கல்யாணம். அந்தக் காலத்தில் ராஜா போர் என்றோ வேட்டை என்றோ போயிருந்தால் அவருடைய கட்டாரியை, அதாவது குத்துவாளை, மணையில் வைத்து, பக்கத்தில் பெண்ணை உட்கார்த்தி, மாப்பிள்ளைக்குச் சகோதரி முறையில் ஒருத்தி தாலி கட்டுவாள். கட்டாரி வந்தால் ராஜாவே வந்த மாதிரி. தலைமையாசிரியர் வராத நாளில் அவர் கையெழுத்திட்ட சுற்றறிக்கை வகுப்புக்கு வருமே, எழுந்து நின்று கேட்போமே, அதைப்போல என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 19, திங்கள்

பெட்டியைத் திறந்தோம். கற்பூரமும் வேப்பிலையும் போட்டு வைத்திருக்கிறார்கள். அரக்குச் சிவப்பில் கூறைப்புடவை, ஜரிகை கறுத்திருக்கிறது. அட்டிகை, ஒட்டியாணம், ஜடைநாகம். தலைக்கு ஒரு வெல்வெட் பட்டை. நெற்றிச்சுட்டியும், அதன் இருபுறமும் வரும் சூரியனும் சந்திரனும் அந்தப் பட்டையில் வைத்துத் தைக்கப்பட்டிருந்தவை. நூல் இற்றுப்போய் எல்லாம் தனித்தனியாகக் கிடக்கின்றன.

சூரியன் வலம், சந்திரன் இடம். நாட்டியம் ஆடும் சிறுமிகள் கூட அறிந்தது. ஆனால் பட்டையில் சூரியனின் மூன்று வளையங்களுக்கு உரிய ஊசித்துளைகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. முதலில் வலப்பக்கம் தைத்து, பிறகு பிரித்து இடப்பக்கம் மாற்றியிருக்கிறார்கள். சுவரில் இருக்கும் பழைய புகைப்படத்திலும் மணப்பெண்ணுக்கு இடப்பக்கம்தான் சூரியன். படத்தைத் திருப்பிப் போட்டு அச்சடித்திருப்பார்கள் என்று நினைத்தேன். கண்ணாடியில் நம் வலது கை இடது கையாவதில்லையா?

படத்தில் இருப்பவள் நல்லமுத்து நாச்சியார். பதின்மூன்று வயது. சிரிக்கவில்லை. பக்கத்து மணையில் ஒரு கட்டாரி.

ரவிக்கைதான் என்னை நெடுநேரம் உட்கார வைத்துவிட்டது. பக்கவாட்டுத் தையல் ஐந்து முறை பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் அரை விரல் கூட்டித் தைக்கப்பட்டிருக்கிறது. மரத்தை அறுத்தால் உள்ளே வளையம் தெரியும் அல்லவா, அதுபோல அவள் வளர்ந்தது தெரிகிறது. கல்யாண ரவிக்கையை ஒரு பெண் எதற்குத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்ள வேண்டும்?

இங்கே சமையல்காரி தங்கப்பழம். நல்ல வாய். காபியைப் பாதி இன்னொரு டம்ளரில் ஊற்றி எதிரே வைத்ததைப் பார்த்துவிட்டாள்.

"யாருக்கு டீச்சரம்மா அந்த டம்ளரு? மேசைக்கா?"

"ஆறட்டும்னுதான்."

"நல்லா ஆத்துதிய போங்க. எடுக்கும்போது ஆடை கட்டிக் கெடக்கு."

ஆகஸ்ட் 20, செவ்வாய்

நாலு மணிக்குப் பூரணிக்குப் போன் வந்தது. தினமும் இதே நேரம்தானாம். கப்பல் போன் என்பதால் எண் எதுவும் திரையில் விழாது என்றாள். "டீச்சர், நீங்களும் பேசுங்க" என்று என் காதில் வைத்துவிட்டாள்.

சங்கைக் காதில் வைத்தால் வரும் இரைச்சல். அதற்குள்ளிருந்து நல்ல மரியாதையான குரல்.

"டீச்சர், சூரியன் எந்தப் பக்கம்?"

நகையைப் பற்றிப் பூரணி சொல்லியிருப்பாள் என்று எண்ணி, "வலது பக்கம், தம்பி" என்றேன்.

"இங்க தெரியல டீச்சர். எல்லாப் பக்கமும் ஒண்ணாத்தான் இருக்கு."

நடுக்கடலில் மேகம் மூடிக்கொண்டால் அப்படித்தான் இருக்கும். கப்பலுக்குப் போன என் வீட்டுக்காரரும் ஒரு கடிதத்தில் அப்படி எழுதியிருக்கிறார்.

ஆகஸ்ட் 22, வியாழன்

கட்டாரி வந்தது. மாப்பிள்ளையின் அம்மா வடிவு நாச்சியார் தம் மடியிலேயே வைத்துக் காரில் கொண்டுவந்தார். படத்தில் இருக்கும் அதே கட்டாரி. அந்தக் காலத்திலும் மாப்பிள்ளை அவர்கள் வீடுதானாம். தையல் அறையிலேயே, என் மேசைக்கு எதிரே, பட்டுத் திண்டின்மேல் வைத்தார்கள். அந்த அம்மாள் அதை வைத்த விதம், தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் இடுவதைப் போல இருந்தது.

நகைகளை எல்லாம் பார்த்தார். பிறகு தலைப்பட்டையைக் கையில் எடுத்தார்.

"டீச்சர், சூரியனை இடப்பக்கம் வச்சுத் தைச்சிருங்க."

"வலப்பக்கம்தானே வழக்கம்?"

"எங்க வீட்டுப் பழக்கம் அப்படி."

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பழக்கம். சிலர் இலையில் உப்பை முதலில் வைப்பார்கள், சிலர் இனிப்பை வைப்பார்கள். சரி என்றேன். கிளம்பும்போது பூரணியின் கன்னத்தைத் தொட்டார், பிறகு கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

சூரியனை இடப்பக்கம் வைத்துத் தைத்தேன். ஊசி தானாகப் பழைய துளைகளில் இறங்கியது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

காலையில் கட்டாரியைச் சுற்றித் திண்டு நனைந்திருந்தது. வெயில் ஏறியதும் காய்ந்து, உறையின்மேல் வெள்ளையாகப் பூத்துவிட்டது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. பழைய இரும்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். இதை ஏழாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். உப்பு எப்படி வந்தது என்பதற்கு உதாரணம் கிடைக்கவில்லை. தங்கப்பழத்திடம் சமையல் உப்பு ஏதும் சிந்தியதா என்று கேட்டேன்.

"நான் அந்த ரூமு வாசப்படிகூட மிதிக்கல டீச்சரம்மா. நீங்க வேற."

ஆகஸ்ட் 28, புதன்

புடவை முடிந்தது. ஜரிகையில் பன்னிரண்டு இடம் இழை ஓட்டினேன்.

பூரணி ரவிக்கையைப் போட்டுப் பார்த்தாள். ஐந்தாவது தையலுக்கு அளவு சரியாக இருந்தது. நான் எதையும் பிரிக்கவோ கூட்டவோ வேண்டியிருக்கவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான்.

ஆகஸ்ட் 31, சனி

தங்கப்பழம் காபி கொண்டுவந்தவள் வழக்கம்போல் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள். தலைப்பட்டை மேசைமேல் இருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏன் டீச்சரம்மா, சூரியன இடப்பக்கம் தச்சிருக்கிய?"

"மாப்பிள்ளை வீட்டுப் பழக்கமாம்."

"அது பழக்கமில்ல." சொல்லிவிட்டு அவள் உள்ளே பார்த்தாள், கட்டாரி இருந்த பக்கம். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எங்க பெரியாத்தா நல்லமுத்து நாச்சியாருக்குத் தல பின்னிவிட்டவ. அவ சொல்லித்தான் எனக்குத் தெரியும். கட்டாரிக் கல்யாணத்துல ரெண்டு வக உண்டு. ராசா உசிரோட இருந்தா சூரியன் வலம். செத்துப்போன ராசாவுக்குப் பொண்ணு கெட்டி வச்சா எல்லாத்தையும் மாத்திச் செய்வாவ. சூரியன் இடம், கொசுவம் இடம், மால போடுததும் அப்பிடித்தான். கல்யாணமாகாம செத்தவன் ஆறமாட்டானாம், அலைவானாம்."

"அந்த நாச்சியாருக்குத் தெரியுமா?"

"பதிமூணு வயசுப் புள்ளைக்கு எவன் சொல்லுவான்? ராசா குதிரையிலேருந்து விழுந்து செத்து அன்னைக்குப் பதினாறாம் நாளு. தாலி கெட்டி முடிச்சு, சீல மாத்தும்போதுதான் சொல்லியிருக்காவ. வருசா வருசம் அந்த நாளுல இதே உடுப்ப உடுத்திக் கட்டாரிக்குப் பக்கத்துல உக்காருவாவளாம். எழுவத்தோரு வயசு வரைக்கும் இருந்தாவ. யாரும் வெதவன்னும் சொல்லல, சுமங்கலின்னும் சொல்லல."

பெண் வளர்ந்து முடிந்தபின் ரவிக்கை பெரிதாகவில்லை. அதனால்தான் ஐந்து தையலோடு நின்றிருக்கிறது.

செப்டம்பர் 1, ஞாயிறு

யோசித்துப் பார்த்தேன். விசாகன் உயிரோடு இருக்கிறார். நானே பேசினேன். இன்றும் நாலு மணிக்குப் பூரணியின் போன் அடித்தது. மாடிப்படியில் உட்கார்ந்து அவள் சிரித்துப் பேசியதை நானே கேட்டேன். ஒருவர் தொலைவில் இருப்பதாலேயே அவரைப் பற்றித் தவறாக நினைக்கக் கூடாது. எனக்கும் எத்தனையோ பேர் எத்தனையோ சொன்னார்கள். அவர்கள் சொன்னதை எல்லாம் கேட்டிருந்தால் என்ன ஆகியிருப்பேன்?

பழக்கம் என்பது காரணம் மறந்தபின் மிஞ்சுவது. சிவலைக்கோட்டைக்காரர்கள் போன தடவை செய்ததையே இப்போதும் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

செப்டம்பர் 3, செவ்வாய்

பூரணி சரியாகச் சாப்பிடுவதில்லை. கை சில்லென்று இருக்கிறது. பகல் முழுக்கத் தலைமுடி ஈரமாகவே இருக்கிறது. குளித்தாயா என்றால் காலையிலேயே என்கிறாள்.

"போன்ல என்னதான் பேசுவார்?"

"பெருசா ஒண்ணுமில்ல டீச்சர். முடிக்கும்போது மட்டும் தினம் ஒரே கேள்வி. வந்துருவல்லன்னு கேக்கார்."

"நீ என்ன சொல்லுவே?"

"வந்துருவேன்னுதான். கல்யாணம் முடிஞ்சா போகத்தானே வேணும்?"

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். பழைய மாணவிகள் நான்கு பேர் செய்தி அனுப்பியிருந்தார்கள்.

நாலு மணிக்குப் பூரணி பேசிக்கொண்டே தையல் அறைக்கு வந்தாள். போனைக் காதிலிருந்து எடுக்காமலே சிரித்தாள்.

"டீச்சர், அவர் உங்களுக்கு வாழ்த்து சொல்றார். உங்க வீட்டுக்காரரும் சொல்லச் சொன்னாராம். அங்க பக்கத்துலதான் இருக்காராம். சாவிய ராபியாக்கா கிட்டக் கொடுத்து வைக்க வேண்டாம்னு சொல்றாராம்."

இந்த வீட்டில் யாரிடமும் நான் அவரைப் பற்றிப் பேசியதில்லை. ராபியாவின் பெயரைச் சொன்னதில்லை.

தையல் பெட்டியை மூடி வைத்தேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

என் வீட்டுக்காரர் பொய் சொல்லமாட்டார்.

செப்டம்பர் 7, சனி

பந்தல் போட்டாயிற்று. வாசலில் இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழை.

காலையில் சங்கரபூபதியிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். மாப்பிள்ளை வேலை செய்யும் கம்பெனியில் ஒரு வார்த்தை விசாரித்தீர்களா என்றேன். "ராஜ குடும்பத்துல பொண்ணு எடுக்கறவங்க வாக்கு மாறமாட்டாங்க டீச்சர். சந்தேகப்பட்டுக் கேட்டா அது அவமானம்" என்றார். நல்ல மனிதர். கேட்கவில்லை என்று அர்த்தம்.

பிறகு பூரணியைக் கூப்பிட்டுத் தங்கப்பழம் சொன்ன இரண்டு வகைக் கல்யாணத்தையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். 

"டீச்சர், நீங்களே அவர் குரலைக் கேட்டீங்க."

"கேட்டேம்மா. குரல் கேக்கறதும் ஆள் இருக்கறதும் ஒண்ணு இல்ல."

"அது எப்படி?"

அதற்கு ஓர் உதாரணம் சொன்னேன். என் முப்பத்து மூன்று வருட வேலையில் எந்த வகுப்பிலும் சொல்லாத உதாரணம். அதை இங்கே எழுத வேண்டியதில்லை. சொல்லி முடித்தபோது பூரணிதான் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை வருஷம் டீச்சர்?"

"ரவிக்கை பெருசாகறது நின்னு ரொம்ப வருஷம்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "அத்தை வாயால கேக்கணும்" என்றாள். அது போதும். அவள் போனபின் சூரியனைப் பிரித்து வலப்பக்கம் வைத்துத் தைத்தேன். பழைய துளைகளில் ஊசி இறங்கவில்லை. புதிதாகக் குத்த வேண்டியிருந்தது. விரலில் இரண்டு இடம் ரத்தம். எதிரே திண்டிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. பூரணிக்கு நானே புடவை கட்டினேன், கொசுவத்தை முறைப்படியே வைத்தேன். அட்டிகை, ஒட்டியாணம், ஜடைநாகம். கடைசியாகத் தலைப்பட்டை. கண்ணாடியில் பார்த்தபோது சூரியன் இடப்பக்கம் தெரிந்தது. பட்டையை அவிழ்க்கக் கையை நீட்டினேன். பிறகுதான், கண்ணாடி அல்லவா என்று நினைவு வந்தது.

எட்டே முக்காலுக்கு வடிவு நாச்சியார் பெண்ணைப் பார்க்க உள்ளே வந்தார். சங்கரபூபதி கதவருகே நின்றார். அந்த அம்மாளின் கண் நேராகத் தலைப்பட்டைக்குப் போனது.

"சூரியன் மாறியிருக்கு."

"ஆமாம்."

"மாத்துங்க டீச்சர். நேரமாகுது."

"மாத்துறேன்மா. ரெண்டு நிமிஷ வேலை. ஏன் மாத்தணும்னு பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிருங்க."

"பழக்கம்னு சொன்னேனே."

"எந்தப் பழக்கம்னு கேக்கறா."

தங்கப்பழம் பன்னீர்ச் செம்போடு நின்றிருந்தாள். கேள்வி கேட்டபின் ஒரு பிள்ளை பதில் வராமல் நிற்கும்போது அவசரப்படுத்தக் கூடாது. அந்தப் பிள்ளைக்குப் பதில் தெரியும், சொல்லத்தான் பயம். நான் காத்திருந்தேன்.

அந்த அம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கெடைக்கக்கூட இல்லியே எம்புள்ள," என்றார். "அல இழுத்துட்டுப் போயிட்டுன்னு ஒரு தாள் அனுப்புனாவ. ஆடி வெள்ளி. ஆகஸ்ட் ஒம்பது. எரிக்கறதுக்கு ஒரு வெரலு கூட இல்ல. கல்யாணமும் இல்லாம அந்தத் தண்ணிக்குள்ள எப்படிக் கெடப்பான்? சொன்னா யாரு பொண்ணு தருவா?"

சங்கரபூபதி என்ன சொன்னார் என்பதை எழுதப்போவதில்லை. கோபத்தில் சொன்னது.

பூரணி மட்டும் நிதானமாக இருந்தாள். "நேத்து நாலு மணிக்குப் பேசினாரே அத்தை" என்றாள்.

வடிவு நாச்சியார் தலை நிமிர்ந்தார். பயந்தவர் முகமாக அது இல்லை. பொறாமைப்பட்டவர் முகம். "எனக்கு ஒரு நாளும் வரலியே" என்றார்.

"தினம் வந்துருவியான்னு கேட்டார். எங்கன்னு எனக்குப் புரியல. நானும் வரேன் வரேன்னு சொல்லிட்டே இருந்தேன்." பூரணி தலைப்பட்டையைத் தானே அவிழ்த்து அந்த அம்மாளின் மடியில் வைத்தாள். "வரமாட்டேன் அத்தை. நீங்க சொல்லிருங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பார்."

கல்யாணமாகாமல் இறந்துபோன ஆண்பிள்ளைக்கு வாழையைப் பெண்ணாக வைத்துத் தாலி கட்டி, பிறகு வெட்டிவிடும் வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. ஒரு மணி நேரம் கழித்துச் சங்கரபூபதியே பந்தல் வாழை ஒன்றைக் கொல்லைப்புறம் கொண்டுபோனார். கூறைப்புடவையை அதற்குச் சுற்றினோம். சூரியனை நான்தான் இடப்பக்கம் கட்டினேன். பக்கத்தில் கட்டாரி. புடவையையும் நகைகளையும் களைந்தபின் வாழையை வெட்டியபோது தண்டிலிருந்து நிறையத் தண்ணீர் வந்தது. வாழையில் தண்ணீர் இருக்கும்தான். தங்கப்பழம் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

நாலு மணிக்குப் பூரணியின் போன் அடிக்கவில்லை. அவள் முடி காய்ந்திருந்தது.

செப்டம்பர் 10, செவ்வாய்

வீடு. ராபியா சாவியைக் கொடுத்தாள். "யாரும் வரலக்கா" என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள்.

"இனிமே சாவி கொடுத்து வைக்க வேண்டாம் ராபியா" என்றேன்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பதினொரு வருடப் பழக்கம் அவளோடு. அவளுக்கு முன்னால் சாவியை வைத்திருந்தது அவள் மாமியார்.

காபி போட்டேன். ஒரு டம்ளர்.

செப்டம்பர் 12, வியாழன்

நாலு மணிக்கு டெலிபோன் அடித்தது.

சங்கின் இரைச்சல். "டீச்சர்" என்றது அதே மரியாதையான குரல். "அம்மா சொன்னாங்க. அவ வரமாட்டாளாம்."

"வரமாட்டா தம்பி. அவ சின்னப் பொண்ணு."

"சரி டீச்சர்." தண்ணீர்ச் சத்தம் ஒருமுறை கூடி அடங்கியது. பிறகு, "இப்ப எந்தப் பக்கம் போகணும்?"

வழி கேட்கிற மாணவனுக்குச் சொல்வதைப் போலச் சொன்னேன். சூரியன் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நிற்கிற இடத்திலிருந்து வலப்பக்கம் திரும்பு, பின்னால் பார்க்காதே என்றேன். 

நம் பக்கத்தில் யாரையும் வெறுமனே போ என்று சொல்லி அனுப்புவதில்லை. சாவு வீட்டில்தான் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவோம். மற்றபடி கடைக்குப் போகிற பிள்ளையிடம்கூட போய்ட்டு வா என்போம். என் வாயிலும் அதுதான் முதலில் வந்தது. பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"போங்க தம்பி" என்றேன்.

அந்தப் பக்கம் ஒருவர் நகர்ந்தார். இன்னொருவர் நகரவில்லை. மூச்சு கேட்டது. அவர் கடலுக்குப் போய் இருபத்தெட்டு வருடம் ஆனாலும் அந்த மூச்சு எனக்குத் தெரியும்.

ரிசீவரை வைப்பதற்கு முன் அவரிடமும் அதையே சொன்னேன்.